ஜனவரி 26க்கு எங்க அபார்ட்மெண்டுக்கு வந்த சவுண்ட் சர்வீஸ், தாராளமா கூப்பிடலாம்

ஆகஸ்ட் 15க்கு வந்த வேற ஒருத்தர் போன்லயே தேசிய கீதத்த ஓட்டினாரு, அதுவும் ஏதோ ஃப்யூஷன் வெர்ஷன், ரெண்டு நிமிஷத்துக்கு மேல இழுத்துச்சு, அட்டென்ஷன்ல நின்ன பெரியவங்க எங்க முடியுதுன்னே தெரியாம முழிச்சாங்க, எனக்கு மனசே ஆறல. அதான் இந்த தடவை மார்க்கெட் பக்கத்துல இருக்கிற சின்ன கடையில சொன்னோம்.

அந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வியே "பாடப்போறீங்களா சார், இல்ல பேண்ட் மியூசிக் மட்டும் போதுமா?"ன்றதுதான். முறைப்படி 52 செகண்ட்ல முடியுற ட்ராக் பென் டிரைவ்ல ரெடியா வச்சிருக்காரு. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் வர்ற 20 செகண்ட் சின்ன வெர்ஷனும் இருக்கு, ஆனா கொடியேத்தத்துக்கு அது கூடாதுன்னு அவரே சொல்லிட்டாரு. ட்ராக்குக்கு முன்னாடி ட்ரம் உருட்டுற சத்தம் வருது பாருங்க, அது சும்மா இல்ல, கீதம் ஆரம்பிக்கப்போகுது எல்லாரும் நேரா நில்லுங்கன்னு சொல்றதுக்கு, நிறைய பேர் அத வெட்டிட்டு போடுறாங்க, இவரு வெட்டல.

மைக் டெஸ்டிங்ல எங்க ரிட்டயர்டு டீச்சரம்மாவ பேச விட்டோம். ஜன கண மன 1911 டிசம்பர் 27ல கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுல முதல்ல பாடினது, தாகூர் எழுதின அஞ்சு பத்தியில முதல் பத்திய மட்டும் 1950 ஜனவரி 24ல தேசிய கீதமா ஏத்துக்கிட்டதுன்னு சொல்லிட்டு, 1919ல தாகூர் நம்ம பக்கத்துல ஆந்திராவுல இருக்கிற மதனப்பள்ளியில, பெசன்ட் தியோசாபிகல் காலேஜ்ல வந்து தங்கினப்போ அங்கயே அத இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தாரு, அந்த காலேஜ் பிரின்சிபாலோட மனைவி மார்கரெட் கசின்ஸ் அம்மா அந்த மெட்டுக்கு ஸ்வரம் எழுதி வச்சாங்கன்னு சொன்னாங்க, பசங்க வாயப் பொளந்து கேட்டுச்சுங்க. பி பிளாக் கடைசி வரைக்கும் ஒரு வார்த்த கூட உடையாம கேட்டுச்சு, பாக்ஸ் அவ்ளோ சுத்தம்.

ஜனவரி 26ல கொடி மேலயே கட்டியிருக்கும், கயித்த இழுத்து விரிக்கிறதுதான். அன்னைக்கு முடிச்சு சிக்கிக்கிச்சு. அண்ணன் கண்ண கொடிமேலயே வச்சு காத்திருந்து, அது விரிஞ்ச அப்புறம்தான் ப்ளே அழுத்தினாரு, நாங்க பாட ஆரம்பிச்சதும் ட்ராக் சவுண்ட குறைச்சு எங்க குரல மேல விட்டாரு. எனக்கு புல்லரிச்சுப் போச்சு.

குறைன்னா கார்டுலெஸ் மைக் சார்ஜ் பாதியிலேயே போச்சு, வயர் மைக் குடுத்து சமாளிச்சாரு. வாடகை 2500, ஏத்து இறக்கு கூலியும் சேத்து. ஜனவரி, ஆகஸ்ட்ல ஸ்கூல்காரங்க முந்திக்குவாங்க, ரெண்டு வாரம் முன்னாடியே அட்வான்ஸ் குடுத்துருங்க.