கார் கட்ட ஆசையா? முதலில் கப்பலூர் பட்டறைக்குப் போய்விட்டு வாருங்கள்

சொந்தமாக ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் கட்டிவிட வேண்டும் என்று வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் மதுரைப் பக்கம் நான் நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கிறார்கள். இந்த விமர்சனம் அவர்களுக்குத்தான். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு பட்டறையில் சனி, ஞாயிறுகளில் கார் கட்டும் வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் 12,000 ரூபாய். பைப் வாங்கும் முன், வெல்டிங் மெஷின் வாங்கும் முன், பழைய ஓம்னி எதற்காவது அட்வான்ஸ் கொடுக்கும் முன் இங்கே போய்விடுங்கள். குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

நடத்துவது மூன்று பேர். இரண்டு பேர் கல்லூரியில் படித்தபோது, மாணவர்களே கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டி கட்டி ஓட்டுகிற பாஹா போட்டிக்கு வண்டி கட்டியவர்கள். மூன்றாமவர் லாரி பாடி கட்டியே தலை நரைத்தவர், எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. பையன்கள் கணக்குச் சொல்வார்கள், அது இரும்பில் நடக்குமா நடக்காதா என்று மேஸ்திரி சொல்வார். இரண்டு தரப்பும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். அதை வேடிக்கை பார்ப்பதிலேயே பாதிப் பாடம் ஏறிவிடும்.

முதலில் சேஸி, அதாவது வண்டியின் எலும்புக்கூடு. லோட்டஸ் செவன் என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் வகை வண்டிகளை வீட்டில் கட்டுபவர்கள் பெரும்பாலும் எடுக்கிற அதே ஒரு இன்ச் சதுரப் பைப், தடிமன் 16 கேஜ். முழு சேஸி கட்ட நேரம் இல்லை என்பதால் முன்பக்கப் பாதியை மட்டும், பைப்புகளை அசையாமல் பிடித்துவைக்கும் ஜிக்கில் வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். பைப்பை அறுத்து, முனையைத் தேய்த்து, மூலைக்கு மூலை வெல்டில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு டேப் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக வரவேண்டும். எங்கள் பேட்ச்சில் ஒரு குழு பொறுமையில்லாமல் ஒரு பக்கத்தை மட்டும் முழுசாக வெல்டு ஓட்டிவிட்டது. சூடு ஆறியதும் அளந்தால் 6 மில்லி வித்தியாசம். வெல்டு குளிரும்போது சுருங்கி அந்தப் பக்கமாக இழுத்துவிடும் என்பது படித்தால் தெரிகிற விஷயம்தான். ஆனால் கண் முன்னால் சேஸி கோணிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறபோது வரும் பயம் வேறு. மேஸ்திரி திட்டவே இல்லை. "பேப்பர்ல மூலைவிட்டம் சரியாத்தான்ப்பா இருக்கும், இரும்பு அதப் படிக்கலையே" என்றார், கிரைண்டரை எடுத்துக் கையில் கொடுத்தார். மறுபடி அறுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டச் செய்தார்.

வெல்டிங்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது அறுத்துப் பார்க்கும் பரீட்சை. ஒவ்வொருவரும் மிக் மெஷினில், அதாவது கம்பியும் மறைப்பு கேஸும் துப்பாக்கி வழியாகத் தானே வரும் வெல்டிங் மெஷினில், ஒரு 'டி' ஜாயின்ட் போட வேண்டும், பிறகு அதை நடுவில் அறுத்துப் பாலிஷ் செய்து காட்டுவார்கள். மேலே வரிசை வரிசையாக அழகாக இருந்த பல வெல்டுகள் உள்ளே பைப்பைத் தொடவே இல்லை, மேலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அசிங்கமாகத் தெரிந்த ஒன்று நன்றாக இறங்கியிருந்தது. இந்த ஒரு விஷயத்துக்கே கட்டணத்தில் பாதியைக் கொடுத்துவிடலாம், ஏனென்றால் சஸ்பென்ஷன் பிராக்கெட்டை அப்படி மேலோடு ஒட்டிக்கொண்டு ரோட்டில் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. மிக் வெல்டிங் நடக்கும்போது பக்கத்தில் ஃபேன் போட விடமாட்டார்கள். காற்று அடித்தால் மறைப்புக்கு வரும் கேஸ் பறந்துபோய் வெல்டு முழுக்கப் பொத்தல் விழும். தகர ஷெட், மே மாதம், மதுரை. புரிந்திருக்கும். நைலான் கலந்த சட்டை போடாதீர்கள், பருத்தியும் நல்ல ஷூவும் கட்டாயம்.

போல்ட் பாடம் சின்னது, ஆனால் கெட்டி. தலையில் 8.8 என்று இருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள், பாதிப் பேர் அதை சைஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் எண் இழுவிசை, 800 மெகாபாஸ்கல். இரண்டாவது எண், அதில் 80 சதவீதம் வரை போனால் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று சொல்கிறது. அதாவது 640. பிறகு எல்லோரையும் ஒரு எம்8 போல்ட்டைக் கை உணர்வில் முறுக்கச் சொல்லி, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச்சில் பார்த்தார்கள். 25 நியூட்டன் மீட்டர் பக்கம் இருக்க வேண்டியது, மேலூரிலிருந்து வந்த தம்பி ஒருவர் 40 வரை கொண்டுபோயிருந்தார். நல்ல புஜம், பாவம் போல்ட். தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டை ஒரு தடவை கழற்றினால் மறுபடி போடாதே, முறுக்கி முடித்த நட்டில் பெயிண்ட் கோடு போட்டு வை, இந்த இரண்டும் அங்கே திரும்பத் திரும்பக் கேட்கும்.

பிரேக் வகுப்பு தனியாகச் சொல்ல வேண்டியது. ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் செம்புக் குழாயைப் பிரேக் லைனுக்குப் போடலாமா என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்த மாதிரி, மேஜையில் அதிர்வில் வெடித்துப்போன ஒரு துண்டைத் தயாராக வைத்திருந்தார்கள். 3/16 இன்ச் பிரேக் குழாயில் டபுள் ஃப்ளேர் போடுவதை, அதாவது குழாய் முனையை இரட்டை மடிப்பாக விரிப்பதை, ஒவ்வொருவரும் செய்தே ஆகவேண்டும். ஒரு பக்கம் வெட்டு கோணலாக இருந்தால் ஃப்ளேரும் கோணலாகும், கோணல் ஃப்ளேரை எவ்வளவு முறுக்கினாலும் ஆயில் கசியும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதைச் சொன்னபோதுதான் கணக்கு உறைத்தது. புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறியதென்றால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியவர்கள் யோசித்துப் பாருங்கள். கீழ் வளைவில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாக இறங்கும்.

எந்த வண்டியின் இன்ஜினை எடுப்பது என்பதற்கு அரை நாள். மாருதி 800 எங்கும் கிடைக்கும், ஆனால் அதன் இன்ஜின் குறுக்கே கிடக்கிறது, முன்சக்கரம் இழுக்கிற வண்டி. செவன் மாதிரி நீள மூக்கு வண்டிக்கு அது ஒத்துவராது, இன்ஜினைத் தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைக்கத்தான் சரி. கோவை கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளில் செய்தது அதுதான். ஓம்னியில் அதே 796 சிசி, ஆனால் நெடுக்குவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. ஓம்னி எடை 800 கிலோவை ஒட்டி, செவன் மாதிரி வண்டியை 550-க்குள் கட்டலாம், அப்போது அந்தச் சின்ன இன்ஜினே போதும் என்கிறார்கள். இன்ஜின் எடுப்பதற்குச் சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளுக்கு ஓடாதே, முழு வண்டியாக வாங்கி ஓட்டிப் பார்த்த பிறகு பிரி என்பது மேஸ்திரி கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

சட்டம் பற்றிய பகுதியை ஒளிக்காமல் பேசியதற்குத் தனி மரியாதை. இங்கிலாந்தில் கிட் கார், அதாவது பாகங்களைப் பெட்டியில் வாங்கி வீட்டிலேயே பூட்டும் கார், என்பது பழைய வழக்கம். 1957-ல் லோட்டஸ் செவன் வந்த காலத்தில் பிரித்துப் பெட்டியில் வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் கிடையாது என்பதே அதற்குப் பெரிய காரணம், 1973-ல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போனது. அதே 1973-ல் செவனைக் கேட்டர்ஹாம் கம்பெனி எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அங்கே வீட்டில் கட்டிய ஒற்றை வண்டிக்கென்று ஐவிஏ பரிசோதனை இருக்கிறது, தேறினால் ரோட்டுக்கு வரலாம். நம் ஊரில் அப்படி ஒரு கதவு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. புது வண்டி என்று போனால் புனே, ஒரகடம் போன்ற இடங்களில் இருக்கும் சோதனை மையத்தில் மாதிரி வண்டிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், ஒற்றை வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. ஓம்னி ஆர்.சி.யை வைத்துக்கொண்டு ஓட்டிக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் பையன்கள் நேராகவே மறுத்தார்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் வராது என்றார்கள். ஆக, கட்டினால் சொந்த நிலத்தில் ஓட்டலாம், இல்லையென்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு கோவை செட்டிபாளையம் ட்ராக்குக்குப் போகலாம்.

இதைக் கேட்டதும் எங்கள் பேட்ச்சில் சிலர் கார் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். வகுப்பு தோற்றது என்று யாரும் நினைக்க வேண்டாம், லட்சக்கணக்கில் போட்டுப் பாதியில் நின்று ஷெட்டில் துருப்பிடிக்கும் சேஸியைவிட 12,000 மலிவு. போடிநாயக்கனூரிலிருந்து வந்த ஏலக்காய் எஸ்டேட்காரர் மட்டும் இன்னும் உறுதியாகிப் போனார், அவருக்கு எஸ்டேட்டுக்குள் ஓட ஒரு பக்கி, அதாவது சின்னத் திறந்த வண்டி, போதும், நம்பர் பிளேட் வேண்டியதில்லை.

சரி, குறைகள். வயரிங் படு மோசம். ஒரு பலகையில் ஹார்னஸ் என்கிற வயர்க் கட்டை மாட்டிவைத்து ஒருவர் செய்ய மற்றவர்கள் எட்டிப் பார்த்தோம், வயர் முனையில் டெர்மினலை நெருக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் வேலையைக்கூட எல்லோருக்கும் தரவில்லை. சொந்தமாகக் கட்டும் வண்டி நடுவழியில் நிற்பதற்கு முக்கியக் காரணமே வயரிங் என்று அவர்களே சொல்லிவிட்டு அதை அவசரமாக முடித்தது எரிச்சல். மிக் மெஷின் இரண்டுதான், வரிசையில் நிற்கும் நேரம் அதிகம். நடுவில் கரண்ட் ஷட்டவுன் வந்தது, ஜெனரேட்டர் வெல்டிங்குக்குப் பற்றவில்லை, மதியம் பூராவும் பேச்சிலேயே போனது. முன்கூட்டியே அறிவிக்கிற ஷட்டவுனைப் பார்த்துத் தேதி மாற்றியிருக்கலாம்.

அமெரிக்காவில் ஃபேக்டரி ஃபைவ் என்ற கம்பெனியின் கிட் வாங்குகிறவர்களுக்கு மிச்சிகனில் ஃபிளிண்ட் நகரத்து மாட் கம்யூனிட்டி கல்லூரியில் இப்படி ஒரு வகுப்பு நடந்திருக்கிறது, அங்கே எல்லோரும் சேர்ந்து அந்த கிட்டையே பூட்டிப் பழகினார்கள். அந்த வசதியைக் கப்பலூரில் எதிர்பார்க்க முடியாது, நமக்குப் பெட்டியே வராது, எல்லாவற்றையும் நாமே அறுக்க வேண்டும். அதனாலேயே இங்கே இந்த வகுப்பு இன்னும் அவசியம் என்பேன்.

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ் ஏறிக் கப்பலூரில் இறங்கினால் போதும், சிட்கோவுக்குள் வந்து கார் கட்டுற பட்டறை என்று கேட்டால் காட்டுவார்கள். மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேராது. ஸ்பேனர் கூடப் பிடித்துப் பழகாதவர்களும் வரலாம், கேலி செய்ய மாட்டார்கள். கல்லூரிப் பையன்கள் சேர்ந்து வந்தால் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அடுத்த பேட்ச்சிலிருந்து வயரிங்குக்குத் தனி நாள் வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வைத்தால் அந்த நாளுக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டிப் போவதாக இருக்கிறேன், இப்போதே அவர்களிடம் சொல்லியும் வைத்துவிட்டேன்.