ஒலெஸ்ட்ரா சிப்ஸ்: சில ஆண்டுகள் சாப்பிட்ட அனுபவம்

அமெரிக்காவில் 1998 வாக்கில், ஒலெஸ்ட்ரா என்ற, உடலில் செரிக்காத செயற்கைக் கொழுப்பில் பொரித்த, 'கொழுப்பில்லாத' உருளைக்கிழங்கு சிப்ஸ் நாடு முழுக்கக் கடைகளுக்கு வந்தது. கொலஸ்ட்ரால் ஏறியிருந்ததால் எண்ணெயைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் வற்புறுத்திக்கொண்டிருந்த நேரம். நொறுக்குத்தீனியை அடியோடு விடவும் மனமில்லை. அப்படித்தான் அந்தச் சிப்ஸ் எனக்குப் பழக்கமானது. மொறுமொறுப்பு, உப்பு எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்கு, வழக்கமான சிப்ஸில் 150 கலோரி என்றால் இதில் 75தான்.

அந்த 75ம் உருளைக்கிழங்கின் மாவுச்சத்திலிருந்து வருவது. பொரித்த கொழுப்பின் பங்கு பூஜ்யம். சாதாரண எண்ணெயில் கிளிசரால் மேல் மூன்று கொழுப்பு அமிலங்கள் இருக்கும். கொழுப்பைச் செரிக்கவைக்கும் நம் லிப்பேஸ் நொதி அவற்றைப் பிரித்துவிடும். ஒலெஸ்ட்ராவில் சர்க்கரை மூலக்கூறைச் சுற்றி ஆறு முதல் எட்டு கொழுப்பு அமிலங்கள் வரை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நொதி அதற்குள் நுழைய முடியாது. வாயில் போட்ட கொழுப்பு அப்படியே மறுவழியில் வெளியேறும். வயிற்றில் நடப்பதெல்லாம் இந்த ஒரே காரணத்தால்தான்.

ஒரு கைப்பிடி சாப்பிட்ட நாட்களில் எனக்கு ஒன்றுமே தெரிந்ததில்லை. பெரிய பாக்கெட்டில் பாதிக்கு மேல் போன நாட்களில் மறுநாள் காலை வித்தியாசம் இருந்தது. முதலில் அடிவயிற்றை லேசாகப் பிசையும். அப்புறம் கழிவறைக்குப் போக வேண்டும் என்ற அவசரம் திடீரென வரும், தள்ளிப்போட முடியாது. மலம் இளகி, பளபளப்பாக, தண்ணீரில் மிதக்கும். கழிவறைத் தொட்டியின் ஓரத்தில் எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கிருமியால் வரும் பேதி போல இது உடம்பை உலர்த்தவில்லை. தாகமோ அசதியோ வந்ததில்லை. செரிக்காத கொழுப்பு கலந்து மலம் இளகுகிறது, அவ்வளவுதான். சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி போட்ட சர்க்கரையில்லா மிட்டாய் எனக்கு வயிறு உப்பி, வாயுவும் சேர்த்துக் கொடுக்கும். அதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கின்றன. ஒலெஸ்ட்ராவை அவை தொடுவதில்லை. அதனால் உப்புசம் இல்லை, எண்ணெய்தான் தொல்லை.

உள்ளாடையில் கறை படியும் என்று பலரும் பயமுறுத்துவார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. உடல் சூட்டில் திரவமாகவே இருக்கும் ஒலெஸ்ட்ரா வகைதான் அப்படிக் கசியும். அதைத் தவிர்க்கத்தான் உடல் சூட்டிலும் ஓரளவு கெட்டியாக நிற்கும்படி மாற்றினார்கள். எடை குறைக்கத் தரும் ஆர்லிஸ்டாட் மாத்திரையில் இந்தக் கசிவு மிகச் சாதாரணம். அது நொதியையே தடுத்து, சாப்பிட்ட எண்ணெயில் ஒரு பகுதியை அப்படியே கீழே அனுப்புகிறது.

அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1996 ஜனவரியில் ஒலெஸ்ட்ராவுக்கு அனுமதி கொடுத்தபோது, வயிற்றுப் பிடிப்பும் இளகிய மலமும் வரலாம் என்று பாக்கெட்டில் அச்சிட வைத்தது. 2003ல் அந்த நிபந்தனை நீங்கியது. திரையரங்கில் படம் பார்க்க வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு தரப்புக்கு ஒலெஸ்ட்ரா சிப்ஸும் மறு தரப்புக்கு வழக்கமான சிப்ஸும் கொடுத்து நடத்திய ஆய்வு 1998ல் வெளியானது. வயிற்றுக் கோளாறு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதை நான் நம்புகிறேன். ஆனால் அது ஒருவேளைச் சிப்ஸ். வாரக்கணக்கில் வீட்டில் வைத்துச் சாப்பிடுபவரின் நிலை வேறு. அடுத்த ஆண்டு வந்த ஆறு வார ஆய்வில் ஒலெஸ்ட்ரா சாப்பிட்டவர்கள் சற்றே கூடுதல் முறை மலம் கழித்திருந்தார்கள். என் அனுபவம் இந்த இரண்டாவது ஆய்வோடுதான் ஒத்துப்போகிறது.

உண்மையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வயிறு அல்ல, வைட்டமின்கள். கொழுப்பில் கரையும் சத்துகள் ஒலெஸ்ட்ராவில் கரைந்து அதோடு வெளியே போய்விடும். அதை ஈடுகட்ட ஏ, டி, ஈ, கே நான்கையும் சிப்ஸில் சேர்த்தார்கள். கேரட்டின் பீட்டா கரோட்டின், தக்காளியின் லைகோபீன், கீரையின் லூட்டீன் ஆகியவற்றுக்கு அந்த ஈடு கிடையாது. இந்த இழப்பு ஒரே நேரத்தில் சேர்ந்து சாப்பிடும்போதுதான் பெரிதாக இருக்கும். எனவே சாப்பாட்டுத் தட்டில் சிப்ஸ் வைப்பதை நிறுத்தினேன். மாலையில் தனியாக, கிண்ணத்தில் அளந்து போட்டுச் சாப்பிட்டேன். அளவு கட்டுக்குள் வந்ததும் வயிறும் அடங்கியது. பாக்கெட்டோடு உட்கார்ந்தால் 'கொழுப்பு பூஜ்யம்' என்ற எழுத்து கையை நிற்க விடாது. இந்தச் சிப்ஸ் விஷயத்தில் எனக்குள்ள பெரிய குறை அதுதான்.

இப்போது இபிஜி என்ற புதிய கொழுப்பு மாற்று புரத பார்களில் வருகிறது. அதில் 1 கிராமுக்கு 0.7 கலோரி, வழக்கமான கொழுப்பில் 9. இதுவும் பெரும்பகுதி செரிக்காமல்தான் போகிறது. நான் முதலில் பாதி பார் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வரை பார்க்கப்போகிறேன், அதுவும் வெளியே வேலை இல்லாத ஒரு நாளில்.