புல்தரைக்கு விதையா, தண்டா, கார்பெட்டா?

வீட்டு முன்னே 500 சதுரடி காலியிடம். அருகம்புல் விதை தூவலாம், தரையில் படரும் ஓடுதண்டை நறுக்கி ஊன்றலாம், நர்சரியில் மண்ணோடு பாய்போல் வளர்த்து விற்கும் புல் கார்பெட்டை வாங்கி விரிக்கலாம். பலரும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, முதல் இருபது நாள் தண்ணீர் விட ஆள் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றில் எதுவானாலும் மண் வேலை ஒன்றேதான். ஓரடி ஆழம் கொத்தி, கல்லையும் கட்டடக் கழிவையும் அப்புறப்படுத்துங்கள். மண்ணுக்குள் கிழங்கு வைக்கும் கோரைக் களை இருந்தால், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் இயந்திரத்தை விடவே கூடாது. அது கிழங்குச் சங்கிலியை அறுத்துப் பரப்பும். அறுந்த ஒவ்வொரு கிழங்கும் தனியே முளைக்கும். மண்வெட்டியால் கொத்தி, கையால் பொறுக்குங்கள். பிறகு தண்ணீர் பாய்ச்சி மூன்று வாரம் சும்மா விட்டால் தப்பிய கிழங்கெல்லாம் தலைகாட்டும். திரும்பவும் கிழங்கோடு எடுக்க வேண்டும். இந்த மூன்று வாரத்துக்குப் பொறுமை இல்லாததால் கெட்ட புல்தரைகளே அதிகம். நன்கு மக்கிய தொழு உரம் மட்டும் போடுங்கள்; பச்சைச் சாணத்தோடு களை விதையும் வந்து சேரும். சூப்பர் பாஸ்பேட் சதுர மீட்டருக்கு 50 கிராம். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு வைத்து, மட்டப்பலகை இழுத்து, லேசாக ரோலர் ஓட்டுங்கள். நடந்து பார்த்தால் குதிகால் அழுந்தாமல், தடம் மட்டும் பதிய வேண்டும்.

விதைதான் மலிவு, ஆனால் அதிகக் கவனம் கேட்பதும் அதுதான். உமி நீக்கிய விதை என்றால் சதுர மீட்டருக்கு 5 முதல் 8 கிராம். 500 சதுரடிக்கு 230 முதல் 370 கிராம். கடுகைவிடச் சிறிய விதை, கையில் அடங்காது. இரு பங்கு உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியை அகலவாக்கிலும் தூவுங்கள். வாருகோலின் முதுகால் தடவி, அரை சென்டிமீட்டருக்கு மேல் மூடாமல் விடுங்கள். ஆழத்தில் புதைந்தது வெளியே வராது. முளைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். உமியுள்ள விதை இன்னும் தாமதிக்கும். அதுவரை பூவாளியால் நாளுக்கு மூன்று நான்கு முறை மண்ணை நனைத்துவிடுங்கள். முளை வெடித்த பிறகு ஒரே ஒரு மதியம் காய்ந்தாலும் போச்சு. ஓஸ் பைப்பைப் பீய்ச்சினால் விதை ஓடி மேட்டை விட்டுப் பள்ளத்தில் சேர்ந்து, தரை திட்டுத்திட்டாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தூவினாலும் இதே கதிதான். தை கடைசியிலோ ஆனியிலோ தொடங்குவது நல்லது. எறும்பும் விதையைச் சுமந்து போகும். தூவும் முன்பே புற்றைக் கவனியுங்கள்.

தண்டு ஊன்றுவதில் இவ்வளவு பதற்றம் கிடையாது. இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை 10 செ.மீ. இடைவெளியில், ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றினால் சதுர மீட்டருக்கு 100 துண்டு. வெட்டிய அன்றே நட்டுவிட வேண்டும், சாக்கில் வைத்தால் சூடேறி அழுகும். தரை மூட இரண்டு மூன்று மாதம், அதுவரை இடையில் களை பறிக்கும் வேலை உண்டு. கொரியன் புல் வேண்டுமென்றால் தண்டோ கார்பெட்டோதான். அதற்கு விதையை நம்பி அலையாதீர்கள்.

கார்பெட்டுக்கு உடனடிப் பச்சை, சரிவிலும் கரையாது. செலவு அதிகம். அடியில் ஒட்டியிருக்கும் செம்மண்ணோடு நர்சரிக் கோரையும் வீட்டுக்கு வரும், வாங்கும்போதே புரட்டிப் பாருங்கள். செங்கல் வரிசைபோல் மூட்டு மாற்றி, இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்து அழுத்துங்கள். ஓரம் காய்ந்து சுருங்குவதுதான் இதன் வழக்கமான கோளாறு. மூன்று வாரத்துக்குப் பிறகு மூலையைத் தூக்கினால் வேர் மண்ணை இறுகப் பிடித்திருக்க வேண்டும். சுலபமாக வந்தால் வேர் இறங்கவில்லை.

ஆறு மணி நேர வெயிலும் ஆளும் இருந்து, இடமும் பெரிதாக இருந்தால் விதை. சாதாரண வீட்டுக்கு எங்கள் ஓட்டு தண்டுக்கே. வாசல் நடைபாதை ஓரத்தில் மட்டும் ஓரடி அகலம் கார்பெட் வைத்து, மீதியில் தண்டு ஊன்றினால் மண் சரியாது, செலவும் குறையும். மாமர நிழலில் இந்த அருகம்புல்லை எந்த வழியில் வளர்த்தாலும் மெலிந்துதான் போகும். அங்கே ஜல்லி கொட்டி நாற்காலி போடுங்கள்.