நிக்கான் டி7500, கேனான் 80டி: கண்ணை வைத்து எடுப்பவருக்கு ஒன்று, திரை பார்த்து எடுப்பவருக்கு ஒன்று

இரண்டும் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடியுள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்கள். கேனான் 80டி 2016 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது, நிக்கான் டி7500 2017 ஏப்ரலில். இரண்டிலும் ஏபிஎஸ்-சி சென்சார், பழைய 35 மி.மீ. பிலிம் அளவான முழு ஃபிரேமைவிடச் சிறியது. கார்டும் பேட்டரியும் சேர்த்து 80டி 730 கிராம், டி7500 720 கிராம். 1/8000 வினாடி வரை ஓடும் ஷட்டர், படத்தை 100 சதவீதம் காட்டும் பென்டாபிரிசம் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை), ஒரே ஒரு எஸ்டி கார்டு இடம், மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் துளை எல்லாம் இரண்டுக்கும் பொது. காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி. வேலைக்கு இறக்கினால் இரண்டும் வேறு வேறு குணம். வியூஃபைண்டரில் கண்ணை வைத்து எடுப்பவருக்கு டி7500, பின்திரையைப் பார்த்து எடுப்பவருக்கும் வீடியோ எடுப்பவருக்கும் 80டி. மீதி எல்லா வித்தியாசமும் இதற்குப் பிறகுதான்.

ஓடுவதும் பறப்பதும்

டி7500 வினாடிக்கு 8 படம், 80டி 7 படம். இந்த ஒரு படத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பஃபரை, அதாவது கார்டில் எழுதுமுன் படங்கள் தங்கும் நினைவகத்தைப் பாருங்கள். டி7500 14-பிட் ராவில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) 50 படம் வரை மூச்சு வாங்காமல் எடுக்கும், அதாவது ஆறு வினாடிக்கு மேல். 80டி ஏறக்குறைய 25 ராவோடு திணறும், மூன்றரை வினாடி. பறவை கிளையை விட்டு எழும்பும்முன்பே பட்டனை அழுத்திவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். இறக்கை முழுதாக விரியும் நேரத்தில் 80டியில் பஃபர் நிறைந்திருக்கும். 80டி வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் படமாக வெட்டி வெட்டி எடுக்கப் பழகிக்கொள்வார்கள், அல்லது ஜேபெக்குக்கு மாறுவார்கள். இரண்டு கேமராவும் யூஎச்எஸ்-1 என்ற கார்டு வேகத்தில்தான் எழுதும். விலை கூடிய யூஎச்எஸ்-2 கார்டைப் போட்டாலும் கேமராவுக்குள் வேகம் கூடாது, கணினிக்கு மாற்றும்போது மட்டும் பலன் தெரியும்.

ஃபோகஸ் புள்ளி கணக்கில் விளம்பரம் சொல்லாத ஒன்று உண்டு. டி7500-ல் 51 புள்ளி, ஆனால் குறுக்கு வகை நடுவில் உள்ள 15 மட்டும். 80டியில் 45 புள்ளி, அத்தனையும் குறுக்கு வகை. குறுக்கு வகைப் புள்ளி கிடைக்கோட்டையும் நெடுங்கோட்டையும் பிடிக்கும், மற்றவை ஒரு திசைக் கோட்டை மட்டும். கேமராவை நெட்டுவாக்கில் நிமிர்த்தி வைத்து, மங்கலான அறையில், ஓரப் புள்ளியைக் கண்ணில் வைத்து முகப்படம் எடுத்தால் 80டி சட்டென்று கூர்மையைப் பிடிக்கும், டி7500 ஒரு கணம் தயங்கும். ஆனால் நகரும் பொருளைத் துரத்துவதில் நிக்கான் ஒரு படி மேலே. அதன் அளவுமானியில் (வெளிச்சத்தை அளக்கும் சென்சார்) 1,80,000 பிக்சல், 80டியில் 7,560. எந்த நிறத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ஃபோகஸ் அமைப்புக்குச் சொல்வதும் இதே சென்சார்தான்.

பறவைக்கு டி7500-ல் ஏஎஃப்-சி (தொடர் ஃபோகஸ்), குரூப் ஏரியா (புள்ளிகளின் குழு), 1/2000 வினாடி, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உச்சம் 6400 என்று வைத்துத் தொடங்கலாம். 80டியில் ஏஐ சர்வோ (கேனானில் தொடர் ஃபோகஸின் பெயர்), ஜோன் ஏஎஃப் (புள்ளிகளின் மண்டலம்). அதோடு தொடர்தல் உணர்திறனை -1-க்கு இறக்க வேண்டும். இல்லையென்றால் குறுக்கே ஒரு கிளை வந்ததும் ஃபோகஸ் அதற்குத் தாவிவிடும். பெருவிரலால் ஃபோகஸ் செய்பவர்களுக்கு 80டியில் ஏஎஃப்-ஆன் பட்டன் தனியாக இருக்கிறது. டி7500-ல் அது இல்லை. எக்ஸ்போஷர் பூட்டு பட்டனையே மெனுவில் ஏஎஃப்-ஆன் ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றியபின் பூட்டுக்கு வேறு பட்டன் தேடுவது தனிக் கதை.

திரையைப் பார்த்து எடுக்கும்போது

இங்கே போட்டியே இல்லை. 80டியின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இடப்பாதியும் வலப்பாதியும் பார்க்கும் படங்களின் விலகலை வைத்து, லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கேமரா நேரடியாகக் கணக்கிடும். டுயல் பிக்சல் என்பது இதுதான். டி7500 லைவ் வியூவில் (திரையைப் பார்த்து எடுக்கும் நிலை) கான்ட்ராஸ்டை மட்டும் நம்புகிறது. கூர்மை ஏறும்வரை லென்ஸை நகர்த்தும், உச்சத்தைத் தாண்டிப் போய், தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் திரும்பி வரும். அசையாத பொருளில் இது துல்லியமே, நேரம்தான் பிடிக்கும். நடந்து வரும் ஆளை வீடியோ எடுத்தால் பின்புலம் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்குவது இதனால்தான்.

திரையின் கீலும் சேர்ந்துகொள்கிறது. 80டியின் திரை பக்கவாட்டில் திறந்து எல்லாப் பக்கமும் திரும்பும். டி7500 திரை மேலும் கீழும் மட்டும் சாயும். தரையோடு தரையாக ட்ரைபாட் வைத்துக் கேமராவை நிமிர்த்தி ஒரு காளானை எடுக்கும்போது டி7500-காரர் மண்ணில் கன்னத்தை வைத்தே ஆக வேண்டும்.

வீடியோவில் டி7500-க்கு 4கே 30 ஃபிரேம் உண்டு, 80டி முழு எச்டி 60 ஃபிரேமோடு நின்றுவிடுகிறது. 4கே என்ற எழுத்தைப் பார்த்து வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி7500 அதற்குச் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஏபிஎஸ்-சி சென்சாரால் ஏற்கெனவே உள்ள 1.5 மடங்கு குறுக்கலோடு இன்னொரு 1.5. 18 மி.மீ. லென்ஸ் முழு ஃபிரேம் கணக்கில் ஏறக்குறைய 40 மி.மீ. ஆகிவிடும். சின்ன அறையில் பேட்டி எடுக்க 10-20 மி.மீ. அகலக்கோண ஏஎஃப்-பி லென்ஸைத் தேட வேண்டியதுதான். ஒரே ஆள் கேமராவை ட்ரைபாடில் வைத்து முன்னால் வந்து பேசுவது என்றால் 80டியும் 18-135 மி.மீ. யூஎஸ்எம் லென்ஸும் போதும். திரையை முன்பக்கம் திருப்பிவிடலாம், முகத்தை அது விடாது.

படத்தரம்

80டியில் 24.2 மெகாபிக்சல், டி7500-ல் 20.9 மெகாபிக்சல். அகலவாக்கில் 6000 பிக்சல், 5568 பிக்சல். எட்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம், லேசாகக் கை நடுங்கினாலே காணாமல் போய்விடும். டி7500-ல் லோ பாஸ் ஃபில்டர் (நுண்விவரத்தைச் சற்று மழுக்கும் தகடு) இல்லாததால் நுண்ணிய விவரம் கொஞ்சம் துலங்கும். அதே காரணத்தால் நெருக்கமான நெசவுள்ள துணியில் வானவில் அலை ஓடக்கூடும். அப்படி வந்தால் நின்ற தூரத்தை ஓரடி மாற்றுங்கள், அல்லது அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, எஃப்/11-க்கு மேல் மூடுங்கள்.

நிழலைத் தூக்கும்போதும், ஐஎஸ்ஓ 6400-க்கு மேலும் டி7500 கை ஓங்கும். ஐஎஸ்ஓவை 16 லட்சம் வரை விரிக்கலாம் என்று அதன் விவரப் பட்டியலில் இருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டு நகரலாம். தோல் நிறம் கேமராவிலிருந்து வரும் ஜேபெக்கில் 80டியில் இதமாக இருக்கும். ராவில் எடுப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அளவுமானியில் தினமும் உதவும் வித்தியாசம் ஒன்று. நிக்கானில் ஸ்பாட் அளவு (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது), நீங்கள் தேர்ந்த ஃபோகஸ் புள்ளியோடு நகரும். 80டியில் அது நடுவிலேயே நிற்கும், ஆகவே நடுவில் அளந்து, பூட்டி, பிறகு ஃபிரேமைத் திருப்ப வேண்டும். கறுத்த மேடையில் ஒரே விளக்கின் கீழ் ஆள் நின்றால் டி7500-ன் ஹைலைட் அளவு முகத்தை வெளுக்க விடாது. 80டியில் எக்ஸ்போஷரை -1 முதல் -1⅔ வரை கையால் இறக்கிக் காப்பாற்ற வேண்டும்.

ஃபோகஸ் சரிசெய்தல்

“லென்ஸ் கூர்மையாக இல்லை” என்ற புகார்களில் பெரும்பங்கு உண்மையில் லென்ஸின் குற்றம் இல்லை. வியூஃபைண்டரில் பார்க்கும்போது ஃபோகஸ் அளக்கும் சென்சார் கண்ணாடிப் பெட்டியின் அடியில் இருக்கிறது. துணைக் கண்ணாடி வழியாக ஒளி அங்கே போகும் பாதையும், படச் சென்சாருக்குப் போகும் பாதையும் மயிரிழை வேறுபட்டாலே எஃப்/1.8-ல் இமைக்குப் பதில் காது கூர்மையாகும். லைவ் வியூ படச் சென்சாரிலேயே அளப்பதால் அங்கே இந்தக் கோளாறு வராது. அதையே சோதனைக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அச்சடித்த தாள் ஒன்றைச் சுவரில் தட்டையாக ஒட்டுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை 45 பாகையில் சாய்த்து வையுங்கள். ஃபோகல் நீளத்தைப்போல 30 முதல் 50 மடங்கு தூரம். 50 மி.மீ. லென்ஸுக்கு ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர். ட்ரைபாட், நடுப்புள்ளி, அபர்ச்சர் முழுத் திறப்பு, ஸ்டெபிலைசர் அணைப்பு, இரண்டு வினாடி டைமர். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் கலைத்துவிட வேண்டும், முடிவிலிப் பக்கம் ஐந்து முறை, கிட்டப் பக்கம் ஐந்து முறை. கலைக்காமல் எடுத்தால் லென்ஸ் நகராமலே “சரி” என்று சொல்லிவிடும், பத்துப் படமும் ஒரே பொய்யைச் சொல்லும். பிறகு லைவ் வியூவில் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். கூர்மை தாளுக்கு முன்னால் விழுந்தால் மெனுவில் உள்ள ஃபோகஸ் திருத்த எண்ணைக் கூட்டல் பக்கம் நகர்த்துங்கள், பின்னால் விழுந்தால் கழித்தல் பக்கம். இரண்டு கேமராவிலும் ±20 வரை.

80டியில் எல்லாம் கைவேலை. ஆனால் ஜூம் லென்ஸுக்கு அகல முனையில் ஒரு மதிப்பு, டெலி முனையில் ஒரு மதிப்பு என்று தனித்தனியே கொடுக்கலாம். டி7500-ல் ஜூமுக்கும் ஒரே மதிப்புதான், எந்த முனையை அதிகம் புழங்குகிறீர்களோ அதற்குச் சரிசெய்து மற்றதைச் சகித்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு அது தானாகவே அளந்துகொள்ளும். லைவ் வியூவில் ஏஎஃப்-எஸ் (ஒற்றை ஃபோகஸ்) வைத்து நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து, ஏஎஃப் மோடு பட்டனையும் வீடியோ பட்டனையும் சேர்த்து இரண்டு வினாடிக்கு மேல் அழுத்துங்கள். ஒரே முறை வந்த எண்ணை நம்ப வேண்டாம். ஐந்தாறு முறை செய்தால் +3, +6, +4 என்று அலையும், நடுவில் உள்ளதை எடுத்து மெனுவில் கையால் பதியுங்கள். ஏஎஃப் ஃபைன் டியூன் (இந்தத் திருத்தத்தின் மெனுப் பெயர்) ஆன் நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அவரவர் குடும்பத்தில்

டி7500-க்கு முந்திய டி7200-ல் (2015) இரண்டு கார்டு இடம், பேட்டரி கிரிப் வசதி, பழைய ஏஐ லென்ஸின் (கையால் ஃபோகஸ் செய்யும் நிக்கான் வகை) அபர்ச்சரைப் படிக்கும் தாழ், ஒரு சார்ஜில் 1110 படம் என எல்லாம் இருந்தன. டி7500-ல் கார்டு ஒன்று, கிரிப் கிடையாது, தாழும் போயிற்று, சார்ஜுக்கு 950 படம். திரும்ப நடத்த முடியாத நிகழ்ச்சியை எடுப்பவர், ஒரு கார்டு செத்தால் மற்றதில் படம் இருக்க வேண்டும் என்றால், வினாடிக்கு 6 படம் போதும் என்று டி7200-ஐயே தேடுவது நியாயம்தான். கேனான் பக்கம் 90டி (2019) 32.5 மெகாபிக்சல், வினாடிக்கு 10 படம், முழு அகல 4கே, ஜாய்ஸ்டிக். ஆனால் பிக்சல் இவ்வளவு நெருங்கியபின் கேமராவோடு சேர்த்து வரும் சாதாரண கிட் லென்ஸின் ஓரம் பல்லிளிக்கும். கை நடுக்கத்துக்கு வழக்கமாக வைக்கும் ஷட்டர் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும். பஃபரும் ஏறக்குறைய 25 ராதான். வினாடிக்குப் பத்து என்றால் இரண்டரை வினாடியில் தீர்ந்துவிடும்.

பழைய பாடி வாங்குகையில்

நிக்கானில் ஷட்டர் எண்ணிக்கை படத்தின் எக்ஸிஃபிலேயே (படக் கோப்போடு பதியும் விவரம்) இருக்கும். விற்பவரிடம் கேமராவிலிருந்து நேராக வந்த ஒரு படத்தைக் கேளுங்கள், எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் தெரியும். 80டி அதைப் படத்தில் எழுதுவதில்லை, யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து அதற்கான மென்பொருளில்தான் பார்க்க முடியும். 80டி ஷட்டர் 1,00,000, டி7500 ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டவை. அது சராசரிக் கணக்கு, அதைத் தாண்டி ஓடுவதும் உண்டு.

அடுத்து அபர்ச்சர். நிக்கான் ஜி வகை (அபர்ச்சர் வளையம் இல்லாத) லென்ஸில் பாடிக்குள் உள்ள ஒரு நெம்புகோல்தான் அபர்ச்சரை மூடுகிறது. அது வளைந்திருந்தால் முழுத் திறப்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், மூடினால் வெளிச்சம் கூடிப்போகும். கேனானில் அபர்ச்சர் லென்ஸுக்குள்ளேயே மின்சாரத்தில் இயங்குகிறது. அங்கே நாடா வயர் தேய்ந்தால் எஃப்/2.8-ல் படம் வரும், எஃப்/8-ல் எர்ர் 01 வரும். இரண்டுக்கும் ஒரே சோதனைதான். அபர்ச்சர் முன்னுரிமையில் வெறும் சுவரை முழுத் திறப்பில் ஒன்று, எஃப்/8-ல் ஒன்று, எஃப்/16-ல் ஒன்று என எடுங்கள். மூன்றும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நிக்கானில் எஃப்இஇ என்று மின்னினால் பயப்பட வேண்டாம். வளையமுள்ள லென்ஸை மிகப் பெரிய எண்ணில் பூட்டவில்லை என்று அர்த்தம்.

கடைசியில் தூசு. எஃப்/22, ஐஎஸ்ஓ 100, ஃபோகஸ் முடிவிலியில், வெறும் வானத்தை நோக்கிக் கேமராவை லேசாக அசைத்தபடி ஒரு படம். அசைந்தாலும் சென்சார் தூசு நின்ற இடத்தில் நிற்கும். படத்தின் மேல் இடது மூலையில் புள்ளி தெரிந்தால், முன்னாலிருந்து பார்க்கையில் சென்சாரின் கீழ் இடது மூலையில் தூசு இருக்கிறது. முதலில் ஊதுபந்து. போகவில்லை என்றால் 17 மி.மீ. அளவில் கிடைக்கும் ஏபிஎஸ்-சி துடைப்பான், ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பு. பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் மட்டும் கண்ணாடியைத் தூக்குங்கள். பாதியில் மின்சாரம் போனால் துடைப்பான் உள்ளே இருக்கும்போதே ஷட்டர் இறங்கிவிடும்.