டிரம்ஸ் பக்கத்தில் எது: டர்ன்டேபிளா, சாம்ப்ளரா?

நண்பன் டிரம்ஸ் வாசிப்பான். முன்கூட்டி எதையும் பேசிவைக்காமல் கூடவே நானும் ஏதாவது வாசிக்க வேண்டும். அதற்கு டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளா (ரெக்கார்டைச் சுழற்றி ஊசியால் வாசிக்கும் பிளேயர்), ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 சாம்ப்ளரா (ஒலியைப் பதிந்து பட்டனைத் தட்டி வாசிக்கும் கருவி) என்று ரொம்ப நாள் குழம்பி, கடைசியில் டர்ன்டேபிளையே வாங்கினேன். சாம்ப்ளரை இரவல் வாங்கி வீட்டில் மட்டும்தான் வாசித்திருக்கிறேன், மேடையில் இல்லை. அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

எடை, செலவு, பராமரிப்பு எல்லாவற்றிலும் சாம்ப்ளருக்குத்தான் ஜெயம். பேட்டரியிலேயே ஓடும். ஸ்கிப்-பேக் வசதி வேறு: பதிவு பட்டனை அழுத்தாவிட்டாலும் கடந்துபோன சில விநாடிகளைப் பிடித்துக் கொடுத்துவிடும். டிரம்ஸுக்கு ஒரு மைக் வைத்து இதைச் செய்து பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் நண்பன் தன் பழைய அடியையே துரத்த ஆரம்பித்துவிட்டான், என்னைக் கேட்கவே இல்லை.

டர்ன்டேபிளில் அப்படி இல்லை, காரணம் ஊசி. பாஸ் டிரம்மின் உதை தரை வழியாக மேசைக்கு வந்து, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மில் ஏறி, ஊசியை ஆட்டி, ஸ்பீக்கரில் உறுமலாக வெளிவந்து, அந்த உறுமலே திரும்பவும் ஊசியை ஆட்டும். டிஜேக்கள் இதற்குப் பயந்துதான் அடியில் ஃபோம் வைக்கிறார்கள். நாங்கள் அதை எடுத்துவிட்டோம். மிக்ஸரில் லோ நாபை, அதாவது தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் திருகை, மெதுவாகத் திறந்தால் அவன் உதைக்கும் ஒவ்வொரு அடிக்கும் என் பக்கம் ஒரு வால் முளைக்கும், அது கைமீறிப் போகும் என்று தெரிந்தால் அவனே உதையைக் குறைப்பான். இனி அவன் எப்படி வாசிக்கிறான் என்பது என் ஒலியையும் தீர்மானிக்கிறது, அப்புறம் வேறென்ன வேண்டும்?

ஜப்பானிய இசைக்கலைஞர் ஒட்டோமோ யோஷிஹிடே ரெக்கார்டே வைக்காமல் டர்ன்டேபிள் வாசித்தவர். அந்தத் துணிச்சலில் நாங்களும் தட்டின் மேல் ஒரு சின்ன சிம்பலை வைத்து ஊசியை இறக்கினோம். ஜல்லி மெஷின் ஓடுகிற மாதிரி சத்தம், அருமை!

ஊசி சீக்கிரம் தேயும், அது உண்மை. எகிறாமல் நிற்பதற்குப் பேர்போன எம்44-7 கார்ட்ரிட்ஜை (ஊசி பொருந்தும் முனை) ஷூர் நிறுவனம் 2018-ல் நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஜிகோ நிறுவனம் மாற்று ஊசி செய்கிறது, சும்மா கிடைக்காது. பழைய டர்ன்டேபிள் வாங்குவதென்றால் டைரக்ட் டிரைவாக (மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றுவது) பாருங்கள், பெல்ட் வைத்தது கையால் நிறுத்தி விட்டால் வேகம் பிடிக்கவே நேரமாகும்.