எல்லையோரக் கடைக்கு ஒரு பில்லிங் மென்பொருள்

ஓசூரில் பேரிங்கும் வாகன உதிரிபாகங்களும் விற்கும் எங்கள் கடையில், உள்ளூர் நிறுவனம் ஒன்று தயாரித்த பில்லிங் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம். கர்நாடக எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால், எந்த மாநிலக் கணக்கில் வரி சேர வேண்டும் என்பதைப் பிழையின்றிப் பிரிக்கிறதா என்பதையே முதலில் பார்த்தோம்.

10,000 ரூபாய் பேரிங்கைச் சென்னை வாடிக்கையாளருக்கு விற்றால், 18 சதவீத வரி மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 900 ரூபாய், மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி 900 ரூபாய் என இரண்டாகப் பிரிகிறது. அதே பேரிங் பெங்களூருக்குப் போனால் 1,800 ரூபாயும் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டியாக மத்திய அரசிடம் செலுத்தப்பட்டு, மாநிலத்தின் பங்கு பொருளை விற்ற தமிழ்நாட்டுக்கு அல்லாமல் அது நுகரப்படும் மாநிலத்துக்குப் போய்ச் சேருகிறது. வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 29 என்று தொடங்கினால் கர்நாடகம் என மென்பொருளே கண்டுகொள்வதால், கவுன்டரில் இருப்பவர் யோசிக்க வேண்டியதில்லை.

சிக்கல், பில் ஓரிடத்துக்கும் சரக்கு வேறிடத்துக்கும் போகும்போதுதான் வருகிறது. பெங்களூரு வணிகர் ஒருவர் எங்களிடம் வாங்கி, சரக்கை ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள தம் வாடிக்கையாளரின் ஆலையில் நேரடியாக இறக்கச் சொன்னார். சரக்கு ஓசூரைத் தாண்டவே இல்லை. ஆயினும் இறக்கச் சொன்னவரின் முதன்மை வணிக இடத்தையே சட்டம் கணக்கில் கொள்வதால், அதற்கு ஐஜிஎஸ்டிதான். மென்பொருளோ ஜிஎஸ்டி எண்ணை விட்டுவிட்டு இறக்குமிடத்தைப் பார்த்து சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டுவிட்டது. தமிழ்நாட்டு வரியைக் கர்நாடகத்தில் உள்ளீட்டு வரி வரவாக (வாங்கும்போது கட்டிய வரியை, தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதால் அவர் பில்லைத் திருப்பி அனுப்பினார். அப்படியே தாக்கல் செய்திருந்தால், ஐஜிஎஸ்டி என்ற சரியான தலைப்பில் மீண்டும் வரி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வட்டி கட்ட வேண்டியதில்லை என்றாலும் அதுவரை எங்கள் முதல் முடங்கும். இத்தகைய பில்களில் மாநிலத்தைக் கையால் மாற்றிக்கொள்கிறோம்.

மற்றபடி குறை சொல்வதற்கில்லை. ஜிஎஸ்டி மன்றம் எடுத்த முடிவின்படி, 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, புதிய விகிதம் அன்று காலையிலேயே பில்லில் வந்துவிட்டது. சிஜிஎஸ்டி வரவைக் கொண்டு எஸ்ஜிஎஸ்டி கட்ட முயன்றால் மென்பொருள் தடுத்துவிடுகிறது. ஐஜிஎஸ்டி வரவு முழுவதும் தீர்ந்த பிறகே மற்ற இரண்டையும் தொடுகிறது.

நேரடி விற்பனை மட்டும் உள்ள கடைகள் தயங்காமல் வாங்கலாம். மூன்றாம் நபருக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள், அந்த ஒரு குறை சரிசெய்யப்படும் வரை பொறுப்பது நல்லது.