ஆர்.ஏ. ஃபேக்டரா, ஆன்டி சிசிபியா?

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் விரல் வலிக்கிறது என்றால், "சொளவை (பீடி சுற்ற மடியில் வைக்கும் முறத்தை) கொஞ்சநாள் தூக்கி வை" என்பார்கள். வலி அடங்காவிட்டால் லேபில் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். 20-க்குள் இருக்க வேண்டியது 28 என்று வந்துவிட்டால், அன்றைக்கே வீட்டில் 'சரவாங்கி', அதாவது முடக்குவாதம் என்று முடிவாகிவிடும்.

அவசரப்பட வேண்டாம். ஆர்.ஏ. ஃபேக்டர் முடக்குவாதத்துக்கு மட்டும் சொந்தமில்லை. காசநோய், ஹெபடைடிஸ் சி, வயது என்று பல காரணங்களால் கூடும். நோயே இல்லாதவர்களுக்கும் சிலருக்கு வரும். முடக்குவாதத்துக்கு எடுக்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி சிசிபி அப்படி எல்லாரிடமும் வருவதில்லை. பாசிட்டிவ் என்றால் அதை நம்பலாம்; நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே ரத்தத்தில் இருப்பதும் உண்டு. ஆனால் முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது நெகட்டிவாகவே இருக்கும். செலவும் ஆர்.ஏ. ஃபேக்டரைவிடக் கூடுதல்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் ஆன்டி சிசிபிக்கே கொடுப்பேன். அதுவும் கையைப் பார்த்த பிறகு. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்கவில்லையா, இரண்டு கையிலும் மணிக்கட்டும் விரலின் அடி மூட்டும் வீங்கியிருக்கிறதா? அப்போது இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். நகத்தை ஒட்டிய மூட்டு மட்டும் தடித்திருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் வலி நீடிக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எண்ணும் முக்கியம். முடக்குவாதத்துக்கு 2010-இல் வந்த சர்வதேச வகைப்பாட்டில் இந்த இரண்டில் ஒன்று உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் 3 புள்ளி, வரம்பைத் தாண்டியும் அதற்குள் நின்றால் 2. மொத்தம் 10-இல் 6 வேண்டும். மீதியை வீங்கிய அல்லது வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கை, தொந்தரவு நீடிக்கும் நாள்கணக்கு, உடலின் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இஎஸ்ஆர் அல்லது சிஆர்பிதான் தர வேண்டும். அந்த 28 தருவது வெறும் 2.

இஎஸ்ஆர், சிஆர்பியில் எனக்குப் பிடித்தது சிஆர்பி. ரத்தசோகை இருந்தாலே இஎஸ்ஆர் ஏறிவிடும். நம்மூர்ப் பெண்களில் அது யாருக்கு இல்லை?

ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை வேறு கதை. கன்னத்தில் தடிப்பு, வாய்ப்புண், முடி உதிர்வு என்று லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) சந்தேகம் இருந்தால் சரி. 1:80 என்ற குறைந்த அளவில் பாசிட்டிவ் என்பது நல்ல ஆரோக்கியமானவர்களில் பத்தில் ஒருவருக்காவது வரும். 'ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜில்' சேர்த்து வைக்கும் ஏஎஸ்ஓ என்ற பரிசோதனையோ தொண்டைக் கிருமித் தொற்றைக் காட்டுவது; முடக்குவாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகையில் பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். மருந்து தொடங்கியதும் மாசாமாசம் ஆர்.ஏ. ஃபேக்டர் எடுக்க வேண்டாம். குணம் தெரிகிறதா என்பதை வீக்கமும் சிஆர்பியும்தான் சொல்லும்.